எலும்பில் எழுதிய வரலாறு

குலவரலாற்றைப் போற்றும் நகரங்களுள் ஜார்ஜ் டவுன் முன்னிற்கத் தக்கது. பினாங்கின் தலைநகராகிய அதன் வீதிகளில், கூ கொங்சி முதலான சீனர் குலமனைகள் முன்னோரின் பெயர்ப்பலகைகளைத் தலைமுறை வரிசையில் காத்து நிற்கின்றன. தமிழர் இல்லங்களில் ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் மறைந்தோரை நினைந்து படையல் இடப்படுகிறது. மலாய் மக்கள் நோன்புப் பெருநாளில் தம் முன்னோர் அடங்கிய இடங்களுக்குச் சென்று இறைவனை வேண்டி மீள்கின்றனர். மொழியும் சமயமும் வேறாயினும், 'யார் வழி வந்தோம்?' என்னும் வினா எல்லார்க்கும் ஒன்றே.

ஆயினும் இவ்வினாவிற்கு ஏடுகள் தரும் விடை மிகக் குறுகியது. குலப்பட்டியல்கள் சில நூற்றாண்டுகளோடு நின்றுவிடுகின்றன. நகரின் வரலாறோ 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியேற்றியதிலிருந்து தொடங்கப்படுகிறது. அதற்கு முன்னர் நடந்ததை அறிய ஏடில்லை; கல்வெட்டுகளும் மிகச் சிலவே. எனினும் ஏட்டினும் கல்வெட்டினும் பழைய ஆவணம் ஒன்று உண்டு. அது மனித உடலே. அவ்வாவணத்தை உலகம் படிக்கத் தொடங்கிய காலத்திலேயே பினாங்கு மண்ணின் எலும்புகளும் அந்த ஆராய்ச்சியில் இடம்பெற்றன என்பது இங்குள்ளோரில் பலரும் அறியாத செய்தியாகும்.

கிளிஞ்சல் மேடுகள்

தீவிற்கு எதிரே, தீபகற்பத்தின் கரையில் கிடப்பது செபராங் பிறை. ஆங்கிலேயர் ஆட்சியில் அது வெல்லெஸ்லி மாகாணம் என வழங்கிற்று. அதன் வடபகுதியில், மூடா ஆற்றிற்கு அருகே குவார் கெப்பா என்னும் ஊர் உள்ளது. 'கெப்பா' என்பது மலாயில் ஒருவகைச் சிப்பியைக் குறிக்கும். 'குவார்' என்பது மேடு. பெயருக்கேற்ப அங்கே சிப்பியோடுகள் குன்றுபோல் குவிந்து கிடந்தன. அவை கடல் ஒதுக்கிய குப்பை அல்ல. பண்டை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சிப்பி உண்டு எறிந்த ஓடுகளின் குவியலே அவை. அவற்றினிடையே கற்கருவிகளும் மட்கல ஓடுகளும் மனித எலும்புகளும் கிடைத்தன. அம்மக்கள் தம் இறந்தோரையும் அம்மேட்டிலேயே அடக்கம் செய்திருந்தனர்.

இம்மேடுகளை அறிஞருலகிற்கு அறிவித்தவர் ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல். இத்தீவுக்கூட்டத்து மக்களைக் குறிக்க 1850இல் 'இந்துநேசியர்' என்னும் சொல்லை ஆக்கித் தந்தவரும் இவரே. அச்சொல்லைத் திருத்தி 'இந்தோனேசியா' என வழங்கியவர் பினாங்கில் வாழ்ந்த ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன். ஏர்ல் இப்பகுதியின் ஆட்சிப் பணியில் இருந்தபோது, சுண்ணாம்பு சுடுவதற்காகக் கிளிஞ்சல் மேடுகள் வெட்டப்படுவதையும், அவற்றுள் மனித எலும்புகள் வெளிப்படுவதையும் கண்டார். அவர் எழுதிய கட்டுரை 1863இல் இலண்டன் இனவியல் கழகத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. மேட்டில் கிடைத்த எலும்புகளைப் பற்றி அதே தொகுதியில் குறிப்பு வரைந்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி.

ஹக்ஸ்லி என்னும் பெயர் அந்நாளில் இங்கிலாந்து முழுவதும் அறிந்த பெயர். டார்வினின் கொள்கைக்காக 1860இல் ஆக்ஸ்போர்டில் ஆயர் வில்பர்போர்சுடன் சொற்போர் நிகழ்த்தியவர் அவர். மனித உடலும் வாலில்லாக் குரங்கின் உடலும் எலும்புக்கு எலும்பு, தசைக்குத் தசை ஒத்திருப்பதை எடுத்துக்காட்டிய அவருடைய 'இயற்கையில் மனிதனின் இடம்' என்னும் நூலும் அதே 1863இல்தான் வெளியாயிற்று. மனிதன் எங்கிருந்து வந்தான் என்பதற்கு உடலையே சான்றாக நிறுத்திய அவ்வறிஞர், அதே ஆண்டில் பினாங்கின் பழங்குடியினர் எலும்புகளைக் குறித்தும் எழுதினார் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

அந்த ஆண்டு தமிழகத்திற்கும் சிறப்புடையதாயிற்று. 1863 மே 30ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியலறிஞர் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதனின் தொன்மையை நிறுவும் ஆய்வு அன்று தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே பூட் ஆய்ந்த அத்திரம்பாக்கத்தின் கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையன எனச் சாந்தி பப்புவின் குழுவினர் 2011இல் வெளியிட்டனர். அக்கருவிகளைச் செய்தோர் இன்றைய மனித இனத்தவர் அல்லர். அவர்க்கும் முற்பட்ட மனித வகையினர். இன்றைய மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளாக மொராக்கோ நாட்டில் கிடைத்தவற்றின் வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளே.

தாடை சொல்லும் கதை

1934இல் குவார் கெப்பா மேடுகளை முறையாக அகழ்ந்தவர் வான் ஸ்டைன் கலென்ஃபெல்ஸ் என்னும் டச்சுத் தொல்லியலறிஞர். அங்குக் கிடைத்த கீழ்த்தாடை ஒன்றைப் பற்றி மைஸ்பெர்க் என்னும் உடற்கூற்றறிஞர் எழுதிய ஆய்வு 1940இல் வெளிவந்தது. எந்த இனத்தவரின் தாடை அது என்பதே அந்நாளைய ஆய்வின் முதல் வினா. ஆனால் தாடை என்னும் உறுப்பு தன்னகத்தே வைத்திருக்கும் விடை அவ்வினாவைக் காட்டிலும் பெரியது.

முதுகெலும்புள்ள உயிர்களுள் மிகப் பழையவற்றிற்குத் தாடையே கிடையாது. வாயால் உறிஞ்சியும் வடிகட்டியும் அவை உயிர்வாழ்ந்தன. தாடையுள்ள மீன்கள் 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னரே தோன்றின. தாயின் கருவறையில் நான்காம் வாரத்து மனிதக் கருவின் கழுத்துப் பக்கத்தில் வளைவு வளைவாகச் சில மடிப்புகள் தோன்றும். மீனின் கருவில் இவற்றை ஒத்த மடிப்புகள் செவுள்களாக வளரும். மனிதனிடத்தில் முதல் மடிப்பு தாடையாக உருவெடுக்கிறது; பின்னுள்ளவை தொண்டையின் உறுப்புகளாகின்றன. மனிதக் கரு எந்நிலையிலும் மீனாக இருப்பதில்லை. ஆனால் மீனும் மனிதனும் ஒரே வரைபடத்திலிருந்து வீடு கட்டத் தொடங்குகின்றன. கட்டி முடிக்கும்போதுதான் வேறுபடுகின்றன.

இதனினும் வியப்புக்குரியது செவியின் கதை. மனிதனின் நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி எனப்படும் மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. ஊர்வனவற்றிற்கு அங்கே ஓரெலும்புதான். மற்ற இரண்டும் ஊர்வனவற்றின் தாடைப் பொருத்தில் இருக்கும் எலும்புகளே என்பதைக் கருவளர்ச்சியை ஆராய்ந்து 1837இல் ஜெர்மானிய அறிஞர் ரெய்கெர்ட் கூறினார். அப்போது டார்வினின் நூல் வெளிவர இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன. பின்னர்க் கிடைத்த புதைபடிவங்கள், பாலூட்டிகளின் முன்னோரிடத்தில் அவ்வெலும்புகள் படிப்படியாகச் சிறுத்துத் தாடையை விட்டுச் செவிக்குச் சென்றதைக் காட்டின. கடித்த எலும்பு கேட்கும் எலும்பாயிற்று. திருவிழா நாளில் நாதசுரம் கேட்டு மகிழ்பவர், பண்டை ஊர்வன ஒன்றின் தாடையால் அதனைக் கேட்கிறார் என்று சொன்னால் அது மிகையன்று.

கை சொல்லும் கதை

பினாங்கிற்கு அண்மையிலுள்ள பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கில் குனோங் ருந்தோ என்னும் குகை உள்ளது. ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே அமைந்துள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் சுரைனா மஜீத் தலைமையிலான குழு, 1990-91இல் அங்கே முழுமையான எலும்புக்கூடு ஒன்றை அகழ்ந்தெடுத்தது. 'பேராக் மனிதன்' எனப் பெயர் பெற்ற அவ்வெலும்புக்கூடு ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுடையது. தாயின் வயிற்றுக் குழவிபோல் உடல் மடக்கி, கற்கருவிகளும் உணவும் உடன்வைத்து அம்மனிதனை அடக்கம் செய்திருந்தனர்.

அவ்வெலும்புகளை ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. அம்மனிதன் இடக்கையில் பிறவிக் குறையுடையவன். விரலின் நடுவெலும்பு குறுகிப் போகும் அக்குறை இன்றைய மக்களிடமும் அரிதாகக் காணப்படுவதே. வேட்டையாடியும் சேகரித்தும் பிழைத்த அக்காலத்தில், குறையுடைய கையோடு அவன் நடுவயது வரை வாழ்ந்தான். இறந்தபின் பெருஞ்சிறப்போடு புதைக்கப்பட்டான். அவனை அவன் சுற்றத்தார் கைவிடவில்லை என்பதற்கு அவ்வெலும்புகளே சாட்சி.

அக்குறை எவ்வாறு நேர்ந்தது என்று கேட்கும்போது வரலாறு இன்னும் பின்னோக்கிச் செல்கிறது. கருவில் கை அரும்பும்போது, எங்கே எலும்பு, எங்கே மூட்டு, எத்துணை நீளம் என்று பணிக்கின்ற மரபணுக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் நேரும் சிறு பிழை விரலைக் குறுக்கிவிடும். அத்தகைய பணிப்பு மரபணுக்கள் மனிதர்க்கு மட்டும் உரியன அல்ல. எலி, கோழி, தவளை ஆகியவற்றின் கால்களையும் அவையே ஆக்குகின்றன. மீனின் துடுப்பை ஆக்குவதிலும் அவற்றின் பங்கு உண்டு என்பதை இந்நூற்றாண்டின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

மேற்கையில் ஓரெலும்பு, முன்கையில் ஈரெலும்பு, மணிக்கட்டில் பல சிற்றெலும்புகள், பின்னர் விரல்கள்: இதுவே மனிதக் கையின் அமைப்பு. வௌவாலின் சிறகும் திமிங்கிலத்தின் துடுப்பும் இவ்வமைப்பின் மாற்றுருவங்களே. இதன் தொடக்கத்தைக் காட்டும் புதைபடிவம் ஒன்று 2004இல் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் கிடைத்தது. நீல் ஷூபினும் அவர்தம் குழுவினரும் 2006இல் அறிவித்த அவ்வுயிர்க்கு 'டிக்டாலிக்' என்று பெயர். 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அது செதிலும் துடுப்பும் உடைய மீன்தான். ஆனால் அத்துடுப்பினுள்ளே ஓரெலும்பு, ஈரெலும்பு, மணிக்கட்டு என்னும் அமைப்பு இருந்தது. மீன்களுக்கு இல்லாத கழுத்தும் இருந்தது. அதற்குப் பின் வந்த நாற்கால் உயிர்களுள் சிலவற்றிற்கு ஒவ்வொரு காலிலும் எட்டு விரல்கள் இருந்தன. ஐந்து என்னும் தொகை பின்னரே நிலைபெற்றது. மனிதர் பத்துப் பத்தாக எண்ணுவதற்குக் காரணம் அவ்வுயிர்களின் காலடியில் இருக்கிறது.

செபராங் பிறையின் சதுப்புக் கரையில் நீர் வற்றும்போது, சேற்றின்மேல் துடுப்பூன்றித் தாவித்திரியும் சிறு மீன்களைக் காணலாம். மலாய் மக்கள் அவற்றைப் பெலாச்சாக் என்பர். நீரைவிட்டு நிலத்திற்கு வருதல் மீனுக்கும் இயலும் என்பதை அவை கண்முன் காட்டுகின்றன. ஆயினும் அவை மனிதனின் முன்னோர் அல்ல. வேறொரு கிளையைச் சேர்ந்த மீன்கள் பின்னாளில் தாமே கண்ட வழி அது. மனிதனுக்கு நெருங்கிய மீன்கள் நுரையீரல் மீனும், அழிந்துபோயிற்று என்று எண்ணியிருக்க 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிருடன் அகப்பட்ட சீலகாந்த் மீனுமே.

பாட்டனார் அல்லர், பங்காளிகள்

ஜார்ஜ் டவுனில் தண்ணீர்மலைக்கு அருகே 1884இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் இருவகைக் குரங்குகள் திரிகின்றன. ஒன்று நெடுவால் குரங்கு. மற்றொன்று கண்ணைச் சுற்றி வெண்வளையம் கொண்ட லோத்தோங். பரிணாமக் கொள்கை என்றதும் இக்குரங்குகளைச் சுட்டி, 'இவையா எம் பாட்டன்?' என நகைப்பாருண்டு. அக்கொள்கை அவ்வாறு கூறவில்லை. மனிதன் உள்ளிட்ட வாலில்லா இனத்திற்கும் இக்குரங்குகளுக்கும் ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பொதுமுன்னோர் இருந்தனர். அவ்வழியினர் இருகிளையாகப் பிரிந்தனர். ஆகவே இவை பாட்டனார் அல்லர், பங்காளிகள். சிம்பன்சி இனத்தோடு மனித வழியினர் பாகம் பிரிந்தது அதற்கும் வெகுகாலம் பின்னர், ஏறத்தாழ 60 அல்லது 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்.

பாகம் பிரிந்த வீட்டில் பழைய பொருள்கள் சில தங்கிவிடுதல் இயல்பு. ஐந்தாம் வாரத்து மனிதக் கருவிற்கு வால் உண்டு. எட்டாம் வாரத்திற்குள் அது மறைந்து, தண்டின் அடியில் வால் எலும்பாக எஞ்சுகிறது. குளிரிலும் அச்சத்திலும் மயிர் சிலிர்ப்பது, உடல் முழுவதும் மயிர் அடர்ந்திருந்த முன்னோர் விட்டுச்சென்ற வழக்கம். இரு காலில் நிமிர்ந்து நடக்கும் பழக்கம் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தது என்பதற்குத் தான்சானியாவின் லேட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகள் சான்று. நான்கு காலுக்கென அமைந்த முதுகெலும்பை நிமிர்த்தி நிறுத்தியதன் விலையை இடுப்புவலியாகவும் முழங்கால் வலியாகவும் மக்கள் இன்றும் கொடுத்து வருகின்றனர். முழுமையாகப் புதிதாகச் சமைத்த உடலாயின் இத்தகைய ஒட்டுவேலைகள் இரா. பழைய வீட்டை இடிக்காமல், குடியிருந்துகொண்டே மாற்றிக் கட்டியது போன்றது மனித உடல்.

முன்னோர் எண்ணமும் இன்றைய அறிவும்

உயிர்களை வரிசைப்படுத்தும் முயற்சி தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பியும் ஈரறிவு என்று தொடங்கி, ஆறறிவுடைய மக்கள் ஈறாக உயிர்களைப் புலனறிவின்படி வகைப்படுத்துகிறது. ஓரறிவுயிர் முதல் மனிதன் வரை எல்லாவற்றையும் ஒரே தொடரில் வைத்துக் கண்ட பெருமை அதற்கு உண்டு. எனினும் ஓர் உயிர் மற்றோர் உயிராக மாறியது என்று அந்நூல் கூறவில்லை. அவ்வாறே மச்சம், கூர்மம், வராகம் என வரும் அவதார வரிசையைக் காட்டி, டார்வின் கண்டதை முன்பே கண்டோம் என்பாரும் உளர். அது சமயத்தின் கூற்று. அதன் பயன் வேறு. பரிணாமம் ஏணியன்று, மரம். அதன் கிளை நுனிகளுள் ஒன்றில் மனிதன் இருக்கிறான். வேறொரு நுனியில் பெலாச்சாக் இருக்கிறது. இவ்வேறுபாட்டை மறைத்து முன்னோர்க்குப் பெருமை தேடுவது அவர்க்கே இழுக்காகும்.

இம்மர வடிவைக் கண்டதில் இத்தீவுக்கூட்டத்திற்கும் பங்குண்டு. 1854இல் சிங்கப்பூர் வந்திறங்கிய ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், சரவாக்கில் 1855இல் எழுதிய கட்டுரையிலேயே உயிரினங்கள் கிளைவிட்டுப் பெருகுவதைச் சுட்டினார். 1858இல் தெர்னாத்தே தீவிலிருந்து அவர் டார்வினுக்கு விடுத்த கட்டுரையே, டார்வினைத் தம் கொள்கையை வெளியிடத் தூண்டிற்று. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் இருவர் கருத்தும் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒருங்கே படிக்கப்பட்டன.

எலும்பைப் பிழைபடப் படித்த காலம்

ஒரே கொள்கை ஒரே மரத்தைக் காட்டியிருந்தும், அந்நாளைய அறிஞருட் பலர் எலும்புகளை வேறுவிதமாகப் படித்தனர். மண்டையோட்டின் நீள அகலங்களை அளந்து, மக்களை மேல் கீழ் என அடுக்கினர். குவார் கெப்பாவின் தாடைக்கும் மைஸ்பெர்க் 'பழைய மெலனேசியர்' என்னும் இனப்பெயர் சூட்டினார். அளவுகோல் கையிலிருந்தவர் ஆள்வோர், அளக்கப்பட்டவர் ஆளப்பட்டோர். தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழரும் அவ்வாறு இனங்குறித்து எடைபோடப்பட்டவர்களே. ஆதலின் இது ஏட்டறிஞர்க்குள் அடங்கிய பூசலன்று.

இன்றைய மரபணு ஆய்வு அவ்வடுக்குகளைத் தகர்த்துவிட்டது. உலகில் எந்த இரு மனிதரை எடுத்தாலும், அவர்தம் மரபணு எழுத்துகளில் ஆயிரத்திற்கு ஏறத்தாழ ஒன்றே வேறுபடுகிறது. எல்லா மனிதரும் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே குடியின் வழியினர். தாடையும் கையும் செவியும் கூறும் நெடுங்கதையில், தமிழர், சீனர், மலாய்க்காரர் எனப் பிரிந்த காலம் கடைசி ஏட்டின் கடைசி வரி மட்டுமே.

எலும்புகளுக்கு நேர்ந்ததையும் இங்குக் கூறவேண்டும். கிளிஞ்சல் மேடுகளின் பெரும்பகுதி சுண்ணாம்பாகிச் சுவர்களிற் போயிற்று. அகழ்ந்தெடுத்த முப்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் நெதர்லாந்தின் லெய்டன் நகரைச் சென்றடைந்தன. இனி ஒன்றும் எஞ்சவில்லை என்று எண்ணியிருந்தபோது, 2017 ஏப்ரலில் அங்கே காட்சிக்கூடம் எழுப்பும் பணியினிடையே ஒரு பெண்ணின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. கைகளை மடித்து, சிப்பியும் மட்கலமும் கற்கருவியும் சூழக் கிடந்த அவள் வாழ்ந்தது 5,000 ஆண்டுகளுக்கும் முன்னர். 'பினாங்குப் பெண்' என இன்று அவள் வழங்கப்படுகிறாள். அவள் கிடைத்தபின், லெய்டனுக்குப் போன எலும்புகளும் மீள வேண்டும் என்னும் கோரிக்கை பினாங்கில் வலுத்தது. ஜாவாவில் 1891இல் துபுவா என்பவர் கண்டெடுத்து லெய்டனில் வைக்கப்பட்டிருந்த 'ஜாவா மனிதன்' உள்ளிட்ட புதைபடிவத் தொகுதியை இந்தோனேசியாவிடம் ஒப்படைப்பதாக நெதர்லாந்து அரசு 2025இல் அறிவித்தது. பினாங்கின் கோரிக்கை பேராசையன்று என்பதற்கு இது போதும்.

முடிவு

பினாங்குப் பெண் எந்த மொழி பேசினாள், எந்தத் தெய்வத்தை வேண்டினாள் என்று எவரும் கூறவியலாது. அவளை எக்குலமனையின் பலகையிலும் எழுத இயலாது. எந்த ஓர் இனமும் தனக்கே உரியவள் என்று பற்றிக்கொள்ளவும் இயலாது. ஆனால் அவள் கையில் டிக்டாலிக்கின் ஈரெலும்பு இருந்தது. அவள் செவியில் பண்டை ஊர்வனவற்றின் தாடை இருந்தது. ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில் இன்று நடமாடும் ஒவ்வொருவர்க்கும் அவை உள்ளன. முன்னோரைப் போற்றுதல் நன்று. ஆயின் போற்றும் முன்னோரின் எண்ணிக்கையை ஏழு தலைமுறையோடு நிறுத்துவதற்கு உடல் இடந்தரவில்லை. எலும்பில் எழுதிய அவ்வரலாற்றை மாணவர் கற்கும் நாளில், எவர் மூத்தகுடி என்னும் வாதம் ஓயும்; அண்டை வீட்டாரைப் பங்காளியாகக் காணும் கண் திறக்கும்.